கத்திக்கு ஏற்ற கைப்பிடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் சிறு பட்டறையில் மடங்காத கத்தி செய்வது பற்றி வெளியான கட்டுரைக்கு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும், கடிதங்கள் வந்துள்ளன. கட்டுரை பெரிதும் எஃகைப் பற்றியது. கடிதங்களோ பெரிதும் கைப்பிடியைப் பற்றியவை. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கத்தியாக்கலாமா? பிடிக்கான துளைகளை எப்போது போட வேண்டும்?
— பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: ஆக்கலாம். கனரக வாகனப் பட்டைகள் பெரும்பாலும் இ.என். 45, எஸ்.யு.பி. 9, 5160 போன்ற வகைகளில் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றிலும் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 விழுக்காடு வரை உண்டு. தோய்ச்சல் ஏற, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்க, அது போதும். ஆனால் பல ஆண்டுகள் பள்ளம் மேடுகளில் குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். குறிப்பாக நடு போல்ட் துளையைச் சுற்றிய பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். மேலும், உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஆகவே ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாமல் போகும் வரை பழுக்கக் காய்ச்சி, அதற்குப் பின்னும் சற்றே சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, பிடிகருவியில் வைத்துச் சம்மட்டியால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறத்தில் இருந்தால் உங்கள் சூடு சரி. பெரிய பளபளக்கும் மணிகள் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

எஃகு காந்தத் தன்மையை இழப்பது சுமார் 770 டிகிரி செல்சியஸில். இந்தப் பட்டைகளைத் தோய்க்க வேண்டிய வெப்பம் 830 முதல் 870 வரை. எண்ணெயை 50 அல்லது 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டால் அது இளகி, அலகைச் சீராகக் குளிர்விக்கும். கடலை எண்ணெய் போதும். ஆனால் இரும்பு வாளியில், மூடியை அருகில் வைத்துக்கொண்டு, வெளியிடத்தில் செய்யுங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டுமே தவிர, தண்ணீர் ஊற்றவே கூடாது. தோய்த்த அலகின் மேல் அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் அது கண்ணாடி போல உடையும். அன்றே அடுப்புப் பெட்டியில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரமாக இரு முறை வைத்து, உடையும் குணம் தணிய டெம்பரிங் செய்துவிடுங்கள்.

துளைகள் எல்லாம் தோய்ச்சலுக்கு முன்பே போடப்பட வேண்டும். தோய்ச்சல் ஏறிய எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடவே தொடாது. ஆணித் துளைகளைத் தவிர, எஃகின் இரு பக்கமும் ஒட்டும் பிடிப் பலகைக்குள் மறைந்துவிடும் இரண்டு மூன்று துளைகளைக் கூடுதலாகப் போட்டால், இரு பக்கப் பசையும் அவற்றின் வழியே ஒன்றோடொன்று சேர்ந்து பிடித்துக்கொள்ளும்; கத்தியின் பின்பாரமும் குறையும். பிடி போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. பிடி போட்ட பின் அலகைச் சாணை பிடிக்கும்போது, வெறுங்கையால் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏற விட்டீர்களானால், பசையும் தளரும், அலகின் பதமும் போகும்.

கேள்வி: நான் மர வேலை செய்பவன். கத்திப் பிடிக்குத் தேக்கு, ஈட்டி, கருங்காலி, புளி இவற்றில் எது சிறந்தது? வாடிக்கையாளர்கள் கருங்காலிதான் வேண்டும் என்கிறார்கள்.
— ஆற்காடு

பதில்: மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் ஈரத்தைக் கேளுங்கள். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டி எல்லாம் வறண்டுவிடும். மழைக்காலத்தில் வாங்கிய மரத்தை அப்போதே எஃகின் இரு பக்கமும் ஒட்டி, விளிம்பு ஒட்டத் தேய்த்து முடித்தால், மே மாதத்தில் மரம் சுருங்கி, எஃகின் விளிம்பு அதற்கு வெளியே ஒரு நூல் அளவு தலைநீட்டும். பார்வைக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கையில் உறுத்தும். இன்னும் மோசமாகச் சுருங்கினால், இரண்டு ஆணிகளுக்கு இடையில் மரம் நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் பலகையை 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, வெட்டு முனைகளில் மெழுகு தடவி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் அந்த மரம் பிடிக்கு ஆகும். பணம் கொடுத்து வாங்கும் ஈரம் அளக்கும் கருவியைவிட இந்தத் தராசு நம்பகமானது என்பது என் கருத்து.

இனி மரங்கள். தேக்கு அவ்வளவாகச் சுருங்காது. ஆனால் பிடிக்குச் சற்று மென்மையானது, அதிலுள்ள மணற்சத்து உளியையும் வாளையும் மழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஈட்டி அழகிலும் உறுதியிலும் குறையில்லாதது. தேக்கைப் போலவே எண்ணெய்ப் பசை உள்ளது. இவ்விரண்டையும் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. ஈட்டியின் இழைப்புத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டால் அதற்கான தாள்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே அனுப்புங்கள்.

கருங்காலி கேட்பவர்கள் பெரும்பாலும் மாலை வாங்கியவர்கள். அந்த மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் ஏற்றிய எந்தக் கட்டையும் கருங்காலி ஆகிவிட்டது. உண்மையான கருங்காலி உலக்கைக்கு ஆன மரம், கடினத்தில் குறையில்லை, ஆனால் காயும்போது முனையில் வெடிக்கும் குணம் உள்ளது. அடியில் சிறிது இழைத்துப் பார்த்து, நிறம் உள்ளேயும் அதேபோல் இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.

புளியில் வெளிமரம் வேண்டாம், நடுவில் முதிர்ந்து இறுகிய வைரம் மட்டும் எடுங்கள். கறிக்கடைகளில் ஆண்டுக்கணக்கில் கத்திவெட்டு வாங்கியும் சிதறாமல் இருப்பது புளியங்கட்டைதானே. அந்த உறுதி பிடிக்கும் வரும். முதிர்ந்த மரத்தின் வைரத்தில் ஊதாச் சாயலுள்ள கரும்பழுப்பு ஓடும். கருவேலமும் அப்படியே, ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போன மரம். பனையின் வைரத்தில் கறுப்பு நார்கள் கோடு கோடாகத் தெரிவது பார்க்க அழகுதான், ஆனால் அந்த நார்கள் சிலாம்பாக எழுந்து விரலில் ஏறும். மெல்லிய பிசினை முழுதாக உறிஞ்ச வைத்து இறுக்கினாலன்றிப் பனையைப் பிடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு பெயர்களையும் சொல்லிவிட்டேன். ஆனால் என்னிடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சீமைக்கருவேலத்தைத்தான் எடுப்பேன். ஏரியையும் தரிசையும் பிடித்துக்கொண்டு, அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரை பேசப்பட்ட அதே மரம்தான். விறகுக்கும் கரிக்கும் மட்டும் உகந்தது என்று நாம் ஒதுக்கியது, இந்த வேலைக்கு வேண்டிய எல்லா குணங்களையும் வைத்திருக்கிறது. கனமானது, கடினமானது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரத்தால் விரிவதும் வெயிலில் சுருங்குவதும் மற்றக் கடின மரங்களைவிட மிகக் குறைவு. இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக் கத்திக் கலைஞர்கள் விரும்பிப் பயன்படுத்துவதும் இந்த நிலைத்தன்மைக்காகத்தான். குறைகளும் உண்டு. அடிமரம் பெரும்பாலும் கோணலாக இருக்கும், நேரான ஒரு சாண் துண்டு கிடைப்பதே அரிது; மஞ்சள் வெளிமரத்தை வண்டு துளைத்துவிடும், அதை முழுவதும் சீவித் தள்ளிவிட்டுச் செம்பழுப்பு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். கத்திப் பிடிக்கு வேண்டியதோ ஒரு சாணுக்கும் குறைவான துண்டு. விறகு மண்டியில் தொடை கனமுள்ள அடிக்கட்டையாகப் பார்த்து எடுத்து வாருங்கள். விலை சொன்னால் வாடிக்கையாளர் நம்ப மாட்டார்; மரத்தின் பெயரைச் சொன்னால் இன்னும் நம்ப மாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் கைலி நெசவு அதிகம். வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாக மிஞ்சுகின்றன. துணியையும் பிசினையும் அடுக்கிப் பிடி செய்வதாகக் கேள்விப்பட்டேன். கைலித் துணியில் செய்ய முடியுமா?
— குடியாத்தம்

பதில்: மிக நன்றாக முடியும். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை இரண்டு பக்கமாக்கச் சொன்னேன்.

நீங்கள் கேள்விப்பட்டது மைக்கார்டா. 1910 அளவில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காக உருவாக்கிய பொருள் இது. துணியையோ தாளையோ ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்குவார்கள். நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் ஹைலம் என்ற பெயரில் பழுப்புப் பலகையாகக் கிடைப்பது இதே குடும்பம்தான். அவசரத்துக்கு அதையே வாங்கிப் பிடி போடலாம். துணி அடுக்கு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், தாள் அடுக்கு உள்ளது விளிம்பில் சில்லு சில்லாகப் பெயரும்.

வீட்டில் செய்வதற்கு ஃபீனாலிக் வேண்டாம், இரண்டு திரவங்களைக் கலந்தால் தானே இறுகும் எபாக்சிப் பிசின் போதும். முதலில் துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது பிசினை உறிஞ்சாது. அடுக்கு பின்னால் உரியும். ஒரு நூலை இழுத்துப் பற்றவைத்துப் பாருங்கள்: சாம்பலாகப் பொடிந்தால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் கலப்பு. புதுக் கைலியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போட்டு, பிடியைவிட எல்லாப் பக்கமும் விரல் அகலம் கூடுதலாக ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். கைலித் துணி மெல்லியது. 8 மில்லிமீட்டர் கனப் பலகைக்கு நாற்பதுக்குப் பக்கமாக அடுக்குகள் தேவைப்படும். ஜீன்ஸ் துணியானால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

எபாக்சியில் ஐந்து நிமிடத்தில் இறுகுவதை வாங்காதீர்கள். பாதி அடுக்குவதற்குள் கோப்பையிலேயே கல்லாகிவிடும். மெதுவாக இறுகும் வகையை, பொட்டலத்தில் சொன்ன விகிதத்தில் எடை போட்டுக் கலக்குங்கள். ஒரே கோப்பையில் நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகையும், வேலூர் வெயிலில் இன்னும் வேகமாக. சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளுங்கள், வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். தட்டையான இரண்டு பலகைகளின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, ஒவ்வொரு துணியையும் பிசினில் நன்கு ஊற வைத்து, இடையில் காற்றுக் குமிழ் இல்லாமல் தடவி அடுக்கி, மேல் பலகையை வைத்து ஜி கிளாம்ப் நான்கால் இறுக்குங்கள். ஓரங்களில் பிசின் வழிவது நல்லது; மிஞ்சியது வெளியேறுகிறது என்று பொருள். ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள்.

நிறத்தில் கவனம் தேவை. பிசின் ஏறிய துணி, நனைந்த துணியைப் போலக் கருத்துத் தெரியும். முன்னரே ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால் இறுதி நிறம் ஏறக்குறைய விளங்கிவிடும். கட்டம் போட்ட கைலியானால், பிடியை வளைவாகத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் கோடாக வெளிப்பட்டு, நீலமும் மெரூனும் மாறி மாறி நீர் வற்றிய ஏரிக்கரைபோல அலை அலையாக விழும். எந்த மரத்திலும் இது வராது. அடுக்கும்போது கட்டங்களை நேர்செய்ய முயலாதீர்கள், தாறுமாறாக விழுவதே நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். சூடேற்றிச் செய்யாத எபாக்சி, தொழிற்சாலை மைக்கார்டாவைப் போல வெப்பம் தாங்காது. மே மாதத்தில் மூடிய காருக்குள் கத்தியை விட்டுவிட்டு வராதீர்கள். பிசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் ஈரமாகவே தேயுங்கள், என்95 முகக்கவசமும் அணியுங்கள். கண்ணாடி இழை அடுக்கிய ஜி10 பலகைக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: ஜவ்வாது மலையில் உறவினர் வீட்டில் காட்டில் கிடந்த மான் கொம்பு ஒன்று இருக்கிறது. மான் தானாக உதிர்த்ததுதான். வெளிநாட்டுக் கத்திகளில் கொம்புப் பிடியைப் பார்த்திருக்கிறேன். நானும் போடலாமா? செம்மரத்துண்டும் கிடைக்கும் என்கிறார்கள்.
— போளூர்

பதில்: இரண்டும் கூடாது.

வெளிநாட்டில் உதிர்ந்த கொம்பைப் பொறுக்கி விற்பது பல இடங்களில் சட்டப்படி சரி, இங்கே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பு, தந்தம், நகம், பல் எல்லாமே வகைப்படுத்தப்பட்டுள்ளன. உதிர்ந்தது, வேட்டையாடியது என்ற வேறுபாட்டைச் சொல்லித் தப்ப முடியாது. அரசின் சொத்தாகக் கருதப்படும் இத்தகைய பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. உறவினரை வனத்துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. யாரோ ‘கிடைக்கும்’ என்று சொல்லும் செம்மரத்துண்டு எங்கிருந்து வருகிறது என்பது நம் பகுதியில் யாருக்கும் தெரியாத செய்தியல்ல. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழகத்தின் கூலித் தொழிலாளர்கள். உங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு கத்திப் பிடிக்காக அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக இருக்க வேண்டாம். சந்தனத்துக்கும் இதுதான் பதில். அரசுக் கிடங்கில் உரிய ரசீதோடு வாங்கியதல்லாத சந்தனத்துண்டைத் தொடாதீர்கள்.

கொம்புதான் வேண்டுமென்றால் எருமைக் கொம்பு இருக்கிறது, அது வளர்ப்பு விலங்கு. நுனிப் பகுதி மட்டும் உள்ளே கெட்டியாக இருக்கும், அதை அறுத்துப் பயன்படுத்துங்கள். சாணையில் அழுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும், அந்த நாற்றம் வந்தாலே சூடு அதிகம். பச்சைக் கொம்பையும் எலும்பையும் நேரடியாக வாங்கித் தேய்க்காதீர்கள். பதப்படுத்தப்படாத விலங்குப் பொருள்களின் தூளில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி இருக்க வாய்ப்புண்டு. பதப்படுத்தி விற்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தோல் வட்டுகளை அடுக்கிச் செய்யும் பிடிக்கு எங்கள் வெட்டுத் துண்டுகள் ஆகுமா? உறையும் அதிலேயே தைக்கலாமா?
— ஆம்பூர்

பதில்: எந்தத் தோல் என்பதைப் பொறுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் இன்று பெரும்பாலும் ஓடுவது காலணியின் மேல்தோலுக்காகக் குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல்; மென்மையாக வளையும், அடுக்கி அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கிக்கொண்டே இருக்கும். பிடிக்கு அது ஆகாது. உறைக்கும் ஆகாது: நனைத்து அலகின் வடிவத்துக்கு அச்செடுத்தால் நிற்காது, அதிலுள்ள உப்புகள் கரிம எஃகைத் துருப்பிடிக்கவும் வைக்கும். உங்களுக்கு வேண்டியது தாவரப் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே உலகுக்குப் போனதே, அந்த மரபைச் சேர்ந்தது. இப்போது வாட்டில் மரப்பட்டையும் சேர்கிறது. செருப்பின் அடித்தோலாகக் கேட்டால் கிடைக்கும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் இருந்தால் குரோம், முழுதும் பழுப்பாக இருந்தால் தாவரப் பதனீடு. எரித்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள், குரோம் தோலின் புகை நல்லதல்ல, செய்யாதீர்கள்.

தோல் வட்டுப் பிடி புதிதல்ல. 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கேபார் கத்தியின் பிடி இதுதான். இதற்கு அலகின் பின்பகுதி அகலமாக இருக்கக் கூடாது. குறுகிய வாலாக இறங்கி, முனையில் மரை வெட்டியிருக்க வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் அடித்தோலில் ஒவ்வொரு வட்டிலும் வாலின் அளவுக்குச் சரியாக ஒரு பிளவு போட்டு, எபாக்சி தடவித் தடவிக் கோத்து, கடைசியில் பித்தளைக் குமிழையும் நட்டையும் போட்டு இறுக்குங்கள். 11 சென்டிமீட்டர் பிடிக்கு முப்பதுக்கு மேல் வட்டுகள் வேண்டும். மறுநாள் இன்னும் ஒரு சுற்று இறுகும், அதை விட்டுவிடாதீர்கள். பிறகு மரத்தைப் போலவே அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவெடுத்து, தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்து ஏற்றுங்கள். மெழுகு ஏறாத தோலில் கார்த்திகை மழையில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும்.

உறைக்குத் தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பாலித்தீன் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து விரலால் அழுத்தி வடிவெடுத்து, நிழலில் காயவிட்டு, பிறகு தையுங்கள். கூர்ப்பக்கத் தையலுக்கும் அலகுக்கும் இடையில் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்காவிட்டால், கத்தி தன் உறையின் நூலைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு நல்ல உறையானாலும் கத்தியை அதிலேயே வைத்துப் பெட்டியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: கடையில் விரலுக்கு விரல் பள்ளம் போட்ட பிடியைப் பார்த்தேன். அப்படிச் செய்தால் பிடிமானம் நன்றாக இருக்குமா?
— திருப்பத்தூர்

பதில்: கடையில் எடுத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு நன்றாக இருக்கும். அந்தப் பள்ளங்கள் ஒரே ஒரு கைக்கு, பிடிக்கும் ஒரே ஒரு விதத்துக்குத்தான் பொருந்தும். தேங்காய் உரிக்கப் பிடிப்பது ஒரு விதம், கொடி சீவப் பிடிப்பது வேறு விதம், பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேடுகள் அப்போது விரல் கணுவில் ஏறும். வட்டமாகவும் செய்யாதீர்கள், கைக்குள் உருளும். குறுக்குவெட்டு முட்டை வடிவில், கூர் உள்ள பக்கம் சற்றே ஒடுங்கி இருந்தால், இருட்டிலும் கூர் எந்தப் பக்கம் என்று கை சொல்லிவிடும். நீளம் 11 அல்லது 12 சென்டிமீட்டர், கனம் 20 மில்லிமீட்டரை ஒட்டி, நடுவில் உள்ளங்கைக்கு லேசான புடைப்பு, கடைசியில் சிறு தடுப்பு. 400 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பளபளப்பு வியர்த்த கையில் வழுக்கும்.

கேள்வி: இப்படிக் கத்தி செய்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றமா?
— வாணியம்பாடி

பதில்: வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கத்தி குற்றமல்ல. ஆயுதச் சட்ட விதிகள், அந்தப் பயன்களுக்கு அல்லாமல் செய்யப்பட்ட, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாக வகைப்படுத்துகின்றன. இருபுறமும் கூரிட்ட குத்துவாள் வடிவங்களை விட்டுவிட்டு, ஒரு பக்கக் கூரும் நான்கைந்து அங்குல அலகுமாகச் செய்யுங்கள். பயணத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள். விற்பனை செய்வதானால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியின் மரப்பிடி ஆடுகிறது. அம்மா காலத்துக் கத்தி, எறிய மனமில்லை. பிடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வருகிறேன், ஆனாலும் மரம் வெளுத்து வெடிக்கிறது.
— இல்லத்தரசி, வேலூர் சத்துவாச்சாரி

பதில்: எறிய வேண்டாம், அம்மா. அந்தக் காலத்துக் கொல்லர்கள் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் எரித்து இறக்கி, வாயில் ஒரு இரும்புப் பூண் போட்டிருப்பார்கள். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். துளைக்குள் தண்ணீர் இறங்கி வால் துருப்பிடித்ததால் ஆடுகிறது. பிடியைக் கையால் திருகி இழுத்தால் வந்துவிடும். வாலின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, துளைக்குள் இருக்கும் கரியையும் துருவையும் சுரண்டி, இரண்டையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட்டைத் துளையில் நிரப்பி, வாலைச் செருகி, கத்தியை நுனி மேலாக நேரே நிறுத்தி ஒரு நாள் விட்டுவிடுங்கள். இனிமேல் பாத்திரத் தொட்டியில் ஊற வைக்காமல், வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். மரத்தின் மேல் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்குமே தவிரப் படலமாக இறுகாது. காய்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெய். வண்ணக் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயாகக் கேளுங்கள். அதில் உலர்த்தும் பொருள் சேர்ந்திருக்கும். ஆகவே சில நாள்கள் கழித்து முழுக்கக் காய்ந்த பிறகே சமையலில் பயன்படுத்துங்கள். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிஞ்சியதைத் துடைத்து, மறுநாள் மறுபடி ஒரு பூச்சு. மூன்று நான்கு பூச்சுகள் போதும். துடைத்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும்; சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் அமுக்கி நனைத்து, கொல்லைப்புறத்தில் தனியாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள்.